பிக்சல் பிக்சலாக ஒரு பழைய கம்ப்யூட்டர் லேப்

புள்ளி புள்ளியாக வைத்து வரையும் படத்திற்குப் பிக்சல் ஆர்ட் என்று பெயர். இதற்கு விலை கொடுத்து எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். விண்டோஸுடன் வரும் பெயின்ட் புரோகிராமே போதும். 1980களின் கம்ப்யூட்டர் லேப் ஒன்றை அதில் வரைந்து பார்ப்போமா?

மாடலாக பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரை எடுத்துக் கொள்வோம். ஏகார்ன் நிறுவனம் தயாரித்து, 1981 இறுதியில் பிரிட்டனில் வெளியாகி, அங்குள்ள பள்ளிகளை நிறைத்த மிஷின் இது. இந்தியாவில் 1984ல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்ததும் இதுதான். பி மாடலின் மெமரி வெறும் 32 கேபி. எட்டு வண்ணங்களும் வேண்டுமென்றால் 160 x 256 பிக்சல் திரை. அதற்கே 20 கேபி போய்விடும். வேடிக்கை என்னவென்றால், அந்த எட்டு வண்ணங்களில் அந்த மிஷினுடைய உடலின் வெளிர் சந்தன நிறம் கிடையாது! எனவே வண்ண விஷயத்தில் நாம் கொஞ்சம் சலுகை எடுத்துக் கொள்ளலாம்.

பெயின்ட்டைத் திறந்து கன்ட்ரோல் + இ அழுத்துங்கள். கிடைக்கும் டயலாக் பாக்ஸில் பிக்சல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, அகலம் 128, உயரம் 96 எனக் கொடுத்து ஓகே செய்திடுங்கள். படம் தபால் தலை போல் சிறியதாகத் தெரியும். பயப்பட வேண்டாம். ஸூம் 800 சதவீதம் வைத்து, வியூ மெனுவில் கிரிட்லைன்ஸ் டிக் செய்தால் கட்டங்கள் கிடைக்கும். பென்சில் டூலை மட்டும் பயன்படுத்துங்கள். பிரஷ் ஓரங்களைக் கலங்கடித்துவிடும்.

எடிட் கலர்ஸ் சென்று சந்தன நிறத்திற்கு சிவப்பு 226, பச்சை 214, நீலம் 184 எனக் கொடுக்கவும். நிழலுக்கு 140, 126, 100. இவற்றுடன் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, மேஜைக்கு ஒரு பிரவுன், சுவருக்கு ஒரு நிறம். இதற்கு மேல் வேண்டாம். வண்ணங்கள் கூடினால் படம் கெடும் என்பது என் கருத்து.

முதலில் ஒரே ஒரு மிஷின். 30 பிக்சல் அகலம், 12 உயரத்தில் சந்தன நிறப் பெட்டி. அடியில் ஒரு வரி நிழல். உள்ளே கறுப்பில் கீ போர்டு. அதற்கு மேல் ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சலாகப் பத்து சிவப்புப் புள்ளிகள். இவை அந்த மிஷினின் பத்து பங்ஷன் கீகள். பழகியவர்கள் இந்தச் சிவப்பு வரியைப் பார்த்தே இது எந்தக் கம்ப்யூட்டர் என்று சொல்லிவிடுவார்கள். எனவே இதை விட்டுவிடாதீர்கள்.

பின்னால் 24 அகலத்தில் மானிட்டர். கறுப்புத் திரை 18 x 14. திரையின் நான்கு மூலைகளிலும் ஒரு பிக்சலை நீக்குங்கள். உடனே பழைய பிக்சர் டியூபின் வளைவு வந்துவிடும். இந்த அளவில் எழுத்துக்களை எழுத முடியாது. ஓர் எழுத்துக்கு ஒரு வெள்ளைப் பிக்சல் என வையுங்கள். 3, இடைவெளி, 8, இடைவெளி, 3. மிஷினை ஆன் செய்தவுடன் வரும் "பிபிசி கம்ப்யூட்டர் 32கே" என்ற ஆங்கில வரி ரெடி! கீழே ஐந்து பிக்சலில் பேசிக், அதற்கும் கீழே ஒரு பிக்சலில் பிராம்ப்ட்.

இனி செலக்ட் டூலால் முழு மிஷினையும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி இழுத்தால் நகல் கிடைக்கும். மிஷின்களுக்கு இடையே 10 பிக்சல் விட்டால் மூன்று அடங்கும். மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் கடை ஷோகேஸ் போலத் தெரியும். ஒன்றை ஆப் செய்து வெறும் கறுப்பாக விடுங்கள். இன்னொன்றின் திரையில் புரோகிராம் வரிகள் நிரம்பட்டும். ஒரு நாற்காலி கோணலாக இருக்கட்டும். அப்போதுதான் மாணவர்கள் இப்போதுதான் எழுந்து போனது போல் இருக்கும்.

சேவ் செய்கையில் பிஎன்ஜி வகையைத் தேர்ந்தெடுங்கள். ஜேபெக் ஆக சேவ் செய்தால் புள்ளிகளைச் சுற்றி அழுக்குப் படிந்தது போலாகி, உங்கள் உழைப்பு வீணாகிவிடும்.

படத்தைப் பெரிதாக்க இலவச கிம்ப் புரோகிராம் நல்லது. இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ் சென்று, இன்டர்பொலேஷன் என்ற இடத்தில் நன் கொடுத்து, 1024 x 768 என அமைத்திடுங்கள். சரியாக எட்டு மடங்கு என்பதால் ஒவ்வொரு புள்ளியும் சதுரமாகவே நிற்கும். பின்னர் பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் கொடுத்து மீண்டும் பிஎன்ஜி ஆகவே, வேறு பெயரில் சேமியுங்கள். சிறிய ஒரிஜினலை அழித்துவிட வேண்டாம். திருத்தங்களை அதில்தான் செய்ய வேண்டும்.