கடல்நீர்த் தொட்டியில் புழுக்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்குள் யாரும் வாங்கி விடாத புழுக்கள் வந்து சேர்வது இயல்பு. துளைகள் நிறைந்த 'உயிர்ப்பாறை', பவளத் துண்டு ஒட்டியிருக்கும் கல், மணல் ஆகியவற்றில் ஒளிந்து வந்து, விளக்கு அணைந்த பின் தலைகாட்டுகின்றன. புழு தெரிந்தாலே தண்ணீர் கெட்டுவிட்டது என்பது பரவலான முடிவு. தேங்கிய சாக்கடையில் நெளியும் செம்புழுக்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் கடலில், நலமான பவளப்பாறையின் பொந்துகளிலும் புழுக்கள் ஏராளம்.

அதிகம் பழி சுமப்பவை, இருபக்கமும் வெண்ணிற மயிர்க்கற்றை கொண்ட இளஞ்சிவப்பு முள்மயிர்ப் புழுக்கள். செத்த மீனை அவை மொய்த்திருப்பதைக் காலையில் பார்த்ததும், மீனைக் கொன்றது புழுதான் என்று நம்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் மீன் நோயாலோ அம்மோனியாவாலோ முன்பே இறந்திருக்கும். புழு பிணத்தைத் தின்ன வந்திருக்கும். மிஞ்சிய தீவனம் அழுகுமுன் அதைத் தின்று தீர்ப்பதும் இவைதான். தமிழகக் கடலோர இறால் பொரிப்பகங்களில் இவற்றின் உறவுப் புழுக்கள் தாய் இறாலுக்குச் சத்தான உணவு. தொட்டியில் எண்ணிக்கை திடீரெனப் பெருகினால் தீவனம் அதிகமாக விழுகிறது என்று பொருள். அளவைக் குறைத்தால் புழுவும் குறையும்.

நறுக்கிப் போட்டால் ஒழியும் என்பதும் தவறு. இந்தியக் கடல்களில் காணப்படும் யூரிதோ காம்ப்ளனாட்டா என்னும் நெருப்புப் புழு துண்டானால், துண்டுகள் தனித்தனிப் புழுக்களாக வளரக்கூடும். வெறுங்கையால் தொட்டால் முள்மயிர் தோலில் முறிந்து எரியும். பிசின் நாடாவை ஒட்டி உரித்தால் பெரும்பாலான முட்கள் வந்துவிடும். பிடிப்பதற்கு இடுக்கியோ, இரவில் இறால் துண்டு வைத்த சிறு பொறியோ போதும்.

உப்பைக் கூட்டினால் புழு சாகும் என்ற எண்ணம் வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் எழுந்தால் வியப்பில்லை. பச்சைத் தோல் அழுகாமல் காப்பது அங்கு உப்புதான். அது தோலின் ஈரத்தை உறிஞ்சி நுண்ணுயிர்களை அடக்குகிறது. கடற்புழுவின் உடல்நீரோ கடல்நீருக்கு ஏறக்குறைய நிகரான உப்புச் செறிவு கொண்டது. லிட்டருக்கு சுமார் 35 கிராம் என்ற அளவைத் தாண்டி உப்பை ஏற்றினால் பவளமும் மீனும்தான் முதலில் வாடும். இதற்கு நேர்மாறான முறையே பலன் தரும்: பாறையைச் சில நிமிடம் நன்னீரில் அமிழ்த்தினால் நீர் உட்புகுந்து திணறும் புழுக்கள் வெளியேறும். அது பாறைக்கு மட்டுமே. பவளங்கள் பல அதைத் தாங்கா. கல்லுப்பும் கடலுப்புக் கலவைக்கு ஈடாகாது, பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் அதில் போதாது. கலவையைக் கரைக்க ஆழ்துளைக் கிணற்று நீரும் உகந்ததல்ல. தோல் ஊறவைத்த உப்புக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டது 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்ற செய்தி. ஆர்.ஓ. நீர் தேவை.

எல்லாப் புழுவும் சாது என்பது மறுகோடித் தவறு. தலையில் ஐந்து உணர்கொம்பும் வானவில் பளபளப்பும் கொண்ட யூனிஸ் புழு மணலில் பதுங்கி மீனைக் கவ்வும். இங்கிலாந்தின் நியூகீ நகரக் கடல்வாழ் காட்சியகத்தில் 2009இல் பவளம் துண்டானதற்கும் மீன் காணாமல் போனதற்கும் காரணமாகப் பிடிபட்டது, ஒரு மீட்டருக்கும் நீண்ட அத்தகைய புழு. அக்ரோபோரா பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுவும் உண்டு. பவளத்தில் வெளிறிய வட்டக் கடித்தடம் அதன் அடையாளம். கண்ணாடியில் படரும் துருநிறத் தட்டைப்புழு பவளத்தைத் தின்பதில்லை, ஆனால் கூட்டமாக மூடி ஒளியை மறைக்கும். மருந்தால் ஒரே நாளில் கொன்றால் அவற்றின் நஞ்சு நீரில் கலந்து மீன்கள் மடியும். முதலில் குழாயால் உறிஞ்சி எடுத்து, பிறகே மருந்து, உடனே கரித்தூள் வடிகட்டியும் புதுநீரும். செம்பு மருந்து கூடவே கூடாது. இறால், நத்தை, பவளம் எல்லாவற்றுக்கும் அது நஞ்சு.

கண்ணாடியில் ஒட்டிய வெண்சுருள் குழாய்கள் தீங்கற்ற சிறு புழுக்களுடையவை. சளிவலை வீசும் கடினக் குழாய் புழுவே அல்ல, ஒரு நத்தை. அந்த வலை பவளத்தை உறுத்துவதால் குழாயின் வாயைப் பசையால் அடைப்பது வழக்கம்.

கடலில் எடுத்த பாறையே சிறந்தது என்று மன்னார் வளைகுடாப் பாறையைத் தேடுவது குற்றத்தில் முடியும். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. உலர்ந்த பாறையில் தொடங்கினால் உயிருள்ள புழு வராது. பின்னர் சேர்க்கும் பவளத்தைச் சில வாரம் தனித்தொட்டியில் வைத்து, இரவில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.