சிறைச்சாலைக்கும் கணக்குப் பார்ப்பவர் வேண்டும்

சென்ற மாதம் ஒரு நாள் இரவு கடையைக் கட்டும் நேரத்தில், மசாலாச் சரக்கு வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் முகம் வாடி வந்து உட்கார்ந்தார். அவருடைய மகன் நியூயார்க்கில் சட்டம் படிக்கிறான். கோடை விடுமுறையில் பத்து வாரம், ஜெயில்களைக் கண்காணிக்கும் ஓர் அலுவலகத்தில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருப்பதாகத் தகவல் அனுப்பியிருக்கிறான்.

“தம்பி, கப்பல் கம்பெனியிலோ பாங்கியிலோ பழகினால் நாளைக்குத் தொழிலுக்கு உதவும். நம் குடும்பத்தில் ஒருவரும் மிதிக்காத வாசலை இவன் தேடிப் போய் மிதிக்க வேண்டுமா?” என்று கேட்டார்.

“இரண்டு நாள் தவணை கொடுங்கள் காக்கா, விசாரித்துச் சொல்கிறேன்” என்றேன். படித்தும் கேட்டும் அறிந்து அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க வைத்திருப்போர் நம்மில் பலர். அவர்களுக்கும் இது பயன்படலாம்.

ஜெயிலில் இருப்பவர் யார்?

ஜெயிலில் இருப்பவரெல்லாம் குற்றவாளி என்று நாம் எண்ணுகிறோம். அமெரிக்காவில் ஜெயில் வேறு, தண்டனைச் சிறை வேறு. நீண்ட தண்டனை பெற்றவர்கள் தண்டனைச் சிறைக்குப் போய்விடுவார்கள். ஜெயிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வழக்கு முடியாதவர்கள். குற்றம் செய்தார்களா இல்லையா என்பதே இன்னும் தீராதவர்கள். நியூயார்க் நகரத்தின் பெரிய ஜெயில்கள் ரைக்கர்ஸ் என்னும் தீவில் இருக்கின்றன. அதற்கும் நகரத்துக்கும் இடையே ஒரே ஒரு பாலம்.

2010ஆம் ஆண்டு கலீஃப் பிரவுடர் என்ற 16 வயதுப் பையனை, ஒரு தோள் பையைத் திருடினான் என்று பிடித்தார்கள். ஜாமீன் தொகை 3,000 டாலர். அதைக் கட்டக் குடும்பத்தாரிடம் பணமில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் விடுகிறோம் என்றார்கள். செய்யாததை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று அவன் மறுத்தான். ஏறத்தாழ 3 ஆண்டுகள் ரைக்கர்ஸில் கிடந்தான். அதில் பெரும்பகுதி தனியறை. 2013ல் விசாரணையே நடக்காமல் வழக்கைத் தள்ளுபடி செய்து அனுப்பினார்கள். ஆனால் உள்ளே உடைந்த மனம் வெளியே வந்தும் ஒட்டவில்லை. 2015ல், 22 வயதில், தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான்.

காக்கா இதைக் கேட்டுச் சற்று நேரம் பேசவில்லை. அவர் மகனுக்கும் அதே வயதுதான்.

பூட்டியவர் எழுதும் ஏடு

அன்பர்களே, நம் கடைத் தராசை எடை அளவை அதிகாரி சோதித்து முத்திரை இடுகிறார். நான் நாணயமானவன், என் தராசுக்கு நானே முத்திரை குத்திக்கொள்கிறேன் என்று எவரும் சொல்ல முடியாது. சொன்னால் வாடிக்கைக்காரர் சிரிப்பார். அவருக்காவது அடுத்த கடைக்குப் போகும் வழி உண்டு. ஜெயிலில் இருப்பவனுக்கு அடுத்த கடை இல்லை. அவனுக்குச் சோறு கொடுத்தார்களா, வைத்தியரிடம் அழைத்துப் போனார்களா, எத்தனை மணி நேரம் பூட்டி வைத்தார்கள் என்பதையெல்லாம் ஏட்டில் எழுதுபவர் யார்? பூட்டியவரே எழுதுகிறார். அந்த ஏட்டை வேறொருவர் பார்க்க வேண்டாமா?

இந்தக் கேள்வியை எழுப்பிப் புகழ் பெற்ற ஜான் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர், இளமையில் லண்டனில் மொத்த மளிகைக் கடை ஒன்றில் தொழில் பழகியவர். நம்மவர் என்றே சொல்லலாம். 1773ல் பெட்ஃபோர்டு பகுதிக்கு ஷெரீப் ஆனார். அங்கே நிரபராதி என்று கோர்ட் விடுவித்தவர்களையே மறுபடி ஜெயிலுக்கு இழுத்துச் செல்வதைக் கண்டார். காரணம், ஜெயிலருக்குச் சம்பளம் இல்லை. கைதி கொடுக்கும் கட்டணமே அவர் வருமானம். அதைக் கட்டாதவனுக்கு விடுதலை இல்லை. ஹோவர்டு ஊர் ஊராகப் போய் அறையின் நீள அகலம், ரொட்டியின் எடை, கட்டணத்தின் தொகை எல்லாவற்றையும் சரக்குக் கணக்கு எடுப்பது போல எழுதினார். 1774ல் பார்லிமெண்ட் அந்தக் கட்டண அநியாயத்தைத் தடுக்கச் சட்டம் செய்தது. அவருடைய நூல் 1777ல் வெளிவந்தது.

நியூயார்க்கில் உள்ள ஏற்பாடு

நியூயார்க் நகரத்தில் இந்த வேலைக்கென்று 1957ல் ஒரு போர்டு ஏற்பட்டது. 1977ல் நகரச் சாசனத்தைத் திருத்திச் சிறைத்துறையினின்றும் அதைத் தனித்து நிற்கச் செய்தார்கள். அங்கத்தினர் 9 பேர். மூவரை மேயர் நியமிக்கிறார், மூவரை நகர மன்றம் நியமிக்கிறது, மூவர் மேல் நீதிபதிகளின் சிபாரிசின் பேரில் வருகிறார்கள். ஒரே கையில் எல்லாச் சாவியும் இருக்கக் கூடாது என்பதே இதன் கருத்து.

1978ல் அந்தப் போர்டு குறைந்தபட்ச விதிகளை வகுத்தது. பொதுவாக இரவில் 8 மணி நேரத்துக்கு மேல் அறையில் பூட்டக் கூடாது. தினம் 1 மணி நேரம் வெளிக்காற்று வேண்டும். விசாரணைக் கைதியை உறவினர் வாரம் 3 தடவையாவது பார்க்க இடம் கொடுக்க வேண்டும். இப்படி எண்ணிக்கையாக எழுதி வைத்ததில் ஒரு சூட்சுமம் உண்டு. “நன்றாக நடத்துகிறோம்” என்ற பேச்சைச் சோதிக்க முடியாது. 8 மணியா 18 மணியா என்பதைச் சோதிக்கலாம்.

சோதிப்பதற்கு ஆள் வேண்டும். மாணவர்கள் போய்ச் சேருவது இந்த இடத்தில்தான். தனக்குச் சொல்லியிருக்கும் வேலையைக் காக்கா மகன் தொலைபேசியில் விவரித்தான். கைதிகளின் புகார்களைத் தேதி வாரியாகப் பிரித்து அடுக்க வேண்டும். வைத்தியரிடம் போக வேண்டிய நாளில் அழைத்துப் போனார்களா என்று ஏட்டோடு ஒப்பிட வேண்டும். மூத்த அலுவலர் கட்டடத்தைச் சுற்றி வரும்போது கூடச் சென்று, கோடை வெப்பத்தில் அறைகள் எப்படி இருக்கின்றன என்று குறிப்பெடுக்க வேண்டும். நம் கடையில் ஐந்தொகை போடும் பையன் செய்யும் வேலையே இது. வித்தியாசம் யாதெனில், இங்கே கணக்கு உதைத்தால் பணம் நஷ்டம்; அங்கே ஒரு மனிதன் நஷ்டம்.

இதனால் பலன் உண்டா?

“இவர்கள் இருந்தும் அந்தப் பையன் போய்விட்டானே?” என்று காக்கா கேட்டார். நியாயமான கேள்வி. போர்டு பார்க்கலாம், எழுதலாம், பகிரங்கக் கூட்டத்தில் கேட்கலாம், விதி செய்யலாம். கதவைத் திறந்து எவரையும் விடுவிக்க அதனால் ஆகாது. விதிகள் சிலவற்றை மேயர் அவசர உத்தரவால் நிறுத்தி வைத்ததும் உண்டு. 2023 ஜனவரியில் போர்டின் அலுவலர்கள் தங்கள் இடத்திலிருந்தே ஜெயில் காமிராப் படங்களைப் பார்க்கும் வசதியைச் சிறைத்துறை நிறுத்தியது. அதை எதிர்த்துப் போர்டு அவ்வாண்டே கோர்ட்டுக்குப் போனது. கண்ணுக்குப் பயன் இல்லையென்றால் அதை மூட யாரும் சிரமப்பட மாட்டார்கள்.

பலனும் உண்டு. கலீஃபின் கதை 2014ல் பத்திரிகையில் வந்து ஊரை உலுக்கியது. 2015 ஜனவரியில், 21 வயது வரை உள்ளவர்களுக்குத் தனியறைத் தண்டனையை ஒழிக்க அந்தப் போர்டு விதி செய்தது. அவனுக்கு அது உதவவில்லை. பின்னால் வந்த பிள்ளைகளுக்காகச் செய்த விதி அது.

நம் பக்கத்திலும் இந்த எண்ணம் புதிதன்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சிறைகளைப் பார்வையிட வெளியாரை நியமிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. மலேசியாவில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட மனித உரிமை ஆணையமும் காவலில் உள்ளவர்களைச் சென்று பார்க்கலாம்.

நாம் அறிய வேண்டியது

பிள்ளை இப்படி ஒரு பயிற்சிக்குப் போக விரும்பினால், “ஜெயிலுக்கா?” என்று கேட்டு அவன் வாயை அடைத்துவிட வேண்டாம். மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்த அலுவலகம் சிறைத்துறைக்குக் கட்டுப்பட்டதா, தனித்து நிற்பதா? கண்டதை எழுதி வெளியிடும் உரிமை அதற்கு உண்டா? உன்னை வழிநடத்த மூத்தவர் யார்? இவற்றுக்கு நல்ல பதில் வந்தால் துணிந்து அனுப்பலாம். தன் தகப்பன் யார் என்று கூடக் கேட்காத ஒருவனுக்காகச் சரியாகக் கணக்குப் பார்க்கப் பழகியவன், நாளை நம் கல்லாவில் உட்கார்ந்தாலும் ஒரு காசு தவற விடமாட்டான்.

காக்கா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே, “அங்கே வெயில் கடுமையாமே, பருத்திச் சட்டை நாலு வாங்கி அனுப்ப வேண்டும்” என்றார்.