பேகன் போர்வையும் கூண்டுப் பறவையும்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வையாவிக் கோப்பெரும்பேகன், மயிலொன்று குளிரால் நடுங்குகின்றது எனக் கருதித் தன் போர்வையை அதற்கு ஈந்த வரலாற்றினைத் தமிழ் பயில்வார் யாவரும் அறிவர். அவன் ஆண்ட பொதினி இந்நாளிற் பழனி எனப்படும். அம்மலைத்தொடரின் வடபால் பழனியும், தென்பால் எம் தேனி நாடும் அமைந்துள்ளன. ஆதலின் பேகன் கதை எமக்கு அயலார் கதையன்று.

இனி, அம்மயில் போர்வை வேண்டி நின்றதோ எனின், இல்லை. இயற்கை அதற்கு இறகாகிய போர்வையை முன்னரே ஈந்துள்ளது. பேகனது வரையாக் கொடையைக் கொடைமடம் என்னும் சொல்லாற் குறித்தனர் பரணர். அருளிற் பிறந்த அம்மடம் அவனுக்குப் புகழாயிற்று; எமக்கோ பெருந்துயராய் முடிந்தது. அதனைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம் இல்லத்தில் நம்மவர் லவ் பேர்ட்ஸ் என வழங்கும் பட்ஜரிகர்ப் பறவைகள் இரண்டு இருந்தன. இவை ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டிற்கு உரியன. 1840ஆம் ஆண்டில் ஜான் கூல்டு என்னும் அறிஞரால் இங்கிலாந்திற்கு உயிருடன் கொணரப்பட்டன. (நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்தல் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாதலின் அதனை விரும்புதல் தகாது.) மார்கழித் திங்களில் மலைச்சரிவிற் குளிர்ந்து கனத்த காற்று இரவில் எம் பள்ளத்தாக்கினுள் இறங்கும். அத்தகைய இரவொன்றில் அவை இறகு சிலிர்த்து, ஒற்றைக்காலில் ஒடுங்கியிருக்கக் கண்டு உள்ளம் உருகினோம். சாளரங்களை அடைத்து, கூண்டினைக் கம்பளியால் முற்றும் மூடி, அருகே கரிநெருப்பிட்ட மண்சட்டி ஒன்றை வைத்து, அடுத்த அறையில் உறங்கச் சென்றோம். விடியலிற் கம்பளியை நீக்கியபோது அவ்விரண்டும் கூண்டின் அடியில் உயிரற்றுக் கிடந்தன. கொன்றது குளிரன்று, எம் அன்பே.

இதன் காரணத்தைப் பின்னரே கற்றோம். பறவையின் உடல் வெப்பம் ஏறத்தாழ நாற்பது முதல் நாற்பத்திரண்டு பாகை சென்டிகிரேடு. மக்கள் உடலினும் மிகுதி. உடல் சிறிதாகுந்தோறும் அதன் பருமனை நோக்க மேற்பரப்பு மிகுதலின், சிறு பறவை வெப்பத்தை விரைவில் இழக்கும். இறகுகளைச் சிலிர்த்து அவற்றிடையே காற்றைச் சிறைப்படுத்தலும், ஒரு காலை இறகினுள் மறைத்தலும் அவ்விழப்பைத் தடுக்கும் உபாயங்கள். ஆகவே இரவில் யாம் கண்டது நோயன்று, இயற்கையின் காப்பே.

நிற்க. பறவையின் நுரையீரல் காற்றுப்பைகளோடு இயைந்து, காற்றினை மிக விரைந்து ஏற்கும் இயல்பினது. நஞ்சுக் காற்றினையும் அவ்வாறே ஏற்கும். அடைத்த அறையிற் கரி எரியுங்கால் எழும் கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் இல்லாதது. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் இந்நஞ்சை முன்னறியக் கானரிப் பறவைகளைக் கொண்டுசென்றனர். 1986ஆம் ஆண்டில்தான் அவற்றின் இடத்தைக் கருவிகள் பெறலாயின. அடுத்த அறையில் உறங்கிய எமக்கும் அவ்விரவு இறுதியாகியிருத்தல் கூடும் என எண்ணுந்தோறும் உடல் நடுங்குகின்றது.

எனவே, பறவை வளர்ப்போர் கடைப்பிடிக்கத்தக்கவை இவை. கூண்டினைச் சாளரத்திற்கும் வாயிலுக்கும் எதிரில் வையாது உட்சுவரை ஒட்டி, தரையினின்றும் உயர்த்தி வைத்தல் வேண்டும். பருத்தித் துணியால் மூன்று புறமும் மறைத்து, ஒரு புறம் திறந்து விடுக. இருக்கைக் கோல் இரும்பாகாது மரமாயிருத்தல் நன்று. குளிரிரவைக் கடக்க உணவே விறகாதலின், மாலையில் தினையைச் சிறிது மிகுதியாக இடுக. காலையில் இளவெயில் காட்டுக. ஒதுங்க நிழலும் உடன் இருத்தல் வேண்டும். கரி, மண்ணெண்ணெய், கொசுவத்தி ஆகியவற்றின் புகை அவ்வறையில் ஆகாது. ஒட்டாப் பூச்சுப் பூசிய சட்டி மிகக் காய்ந்தால் எழும் ஆவியும் பறவைக்குக் கூற்றாம்.

பகலிலும் இறகு சிலிர்த்து, கூண்டின் அடியில் அமர்ந்து, மூச்சுதோறும் வால் அசையுமாயின் அதுவே நோயின் குறி. அந்நிலையில் கூண்டின் ஒரு பக்கத்தை மட்டும் வெளியிலிருந்து சிறு மின்விளக்கால் வெதுப்பி, மறுபக்கத்தைக் குளிர்ச்சியாக விடுதல் வேண்டும். தனக்கேற்ற இடத்தைப் பறவையே தேர்ந்துகொள்ளும். மின்கம்பி அலகிற்கு எட்டலாகாது. காலந்தாழ்த்தாது கால்நடை மருத்துவரை நாடுக. நலமுள்ள பறவைக்கு எம் பள்ளத்தாக்கின் குளிரிற் காற்றுத் தடையும் நல்லுணவுமே போதுமானவை.

நெடுநல்வாடை பாடிய நக்கீரர், வாடைக்கு ஆற்றாத மனைப்புறா இரை தேடவும் செல்லாது, இரவு பகல் அறியாது மயங்கி, பலகைமேற் கால் மாற்றி நிற்றலைக் கண்டு பாடினர். அவர் போர்வை ஈந்திலர், உற்று நோக்கினர். பேகனது நெஞ்சும் நக்கீரரது கண்ணும் ஒருங்கே வாய்த்தலே உயிரோம்புவார்க்கு வேண்டுவது. அன்பு முந்துக, அறிவு அதனோடு உடன் செல்க. எம் இல்லத்தில் அக்கூண்டு இன்றும் வெறுமையாகவே தொங்குகின்றது. இதனைப் படிக்கும் நண்பருள் ஒருவர் வீட்டுக் கூண்டேனும் வெறுமையாகாது காக்கப்படின், யாம் எழுதியதன் பயனைப் பெற்றோமாவோம்.