பெரிய அணியின் பெஞ்சா, சிறிய அணியின் மைதானமா?

என் மகனுக்கு 14 வயது. பேர்போன கால்பந்து அகாடமியில் சேர்ந்து ஒன்றரை ஆண்டாகிறது. பெரும்பாலான மேட்ச்களில் வெளியேதான் உட்கார்ந்திருக்கிறான். சிறிய கிளப் ஒன்று தொடர்ந்து ஆடவைப்பதாகச் சொல்கிறது. மாற்றலாமா? – ஒரு வாசகி, திருச்சி

மாற்றலாம். எதிராளி நெருக்கும்போது பந்தை யாருக்குக் கொடுப்பது, கோல் வாங்கிய பிறகு எப்படி நிமிர்வது என்பதெல்லாம் மேட்சில் ஆடித்தான் வரும். பெரிய கிளப்புகளுக்கே இது தெரியும். 2011 ஜனவரியில் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப், 17 வயது ஹாரி கேனை மூன்றாம் அடுக்கு லீக்கில் ஆடிய லேட்டன் ஓரியன்ட்டுக்குக் கடனாக அனுப்பியது, அவர் மேட்ச் ஆட வேண்டும் என்பதற்காகத்தான். இங்கிலாந்துக்காக அதிக கோல் அடித்தவர் இன்று அவர். ஜேடன் சாஞ்சோ 17 வயதில் மான்செஸ்டர் சிட்டியை விட்டு ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்புக்குப் போனதும் ஆட்ட வாய்ப்புக்காகவே. மறு ஆண்டே இங்கிலாந்து தேசிய அணியில் ஆடினார்.

‘அவர்கள் பெரிய அகாடமியில் வளர்ந்தவர்கள்தானே?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. திறமைசாலிகளோடு பயிற்சி செய்தால் தரம் உயரும். அந்தப் பலனை உங்கள் மகன் ஒன்றரை ஆண்டாகப் பெற்றுவிட்டான். இனி அதை மேட்சில் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். தேர்வாளர்களும் மைதானத்தில் ஆடுபவனைத்தான் பார்க்க முடியும், ஜெர்சியில் உள்ள பெயரை அல்ல. சிறிய கிளப்பில் நல்ல பயிற்சியாளர் இருக்கிறாரா, லீக்கில் முறையாக ஆடுகிறார்களா என்று மட்டும் நேரில் போய்ப் பாருங்கள். அதற்கு முன், இப்போதைய பயிற்சியாளரிடம் மகனையே கேட்கச் சொல்லுங்கள்: “அடுத்த மூன்று மாதத்தில் நான் ஆட என்ன செய்ய வேண்டும், சார்?” தெளிவான பதில் வந்தால் மூன்று மாதம் பொறுங்கள். மழுப்பினால் இந்த சீசனோடு மாற்றிவிடுங்கள்.