வாங்கினவன் உன்னையும் சேர்த்து வாங்கினானா?

இந்த இதழுக்கு ஏதாவது டெக்னிக்கலா எழுதித் தரேன்னு எடிட்டர் கிட்ட சொல்லியிருந்தேன். கடைசியில் வந்து நிற்பது கம்பெனிகளை வாங்குவது, விற்பது பற்றிய பாடம். காரணம் ஒரு மெயில்.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் பூம்பாறை, கொடைக்கானலுக்கு மேலே. மழை, கரண்ட் இல்லை, சிக்னல் ஒரு கோடு. அந்த ஒரு கோட்டில் வந்த மெயில் இதுதான்: எனக்கு ஆஃபர் கொடுத்த கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்குகிறது, ஜாயினிங் தேதி "பின்னர் தெரிவிக்கப்படும்". அப்பாவிடம் சொன்னேன். டார்ச் வைத்த பழைய நோக்கியா போன் வெளிச்சத்தில் பூண்டு மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே கேட்டார்: "வாங்கினவன் உன்னையும் சேர்த்து வாங்கினானா, இல்ல கம்பெனிய மட்டும் வாங்கினானா?"

நான்கு வருஷம் இன்ஜினியரிங் படித்த எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடிப் போனபோது, பதில் அப்பா கையில் இருந்த போனிலேயே பாதி இருந்தது. பேட்டரியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே "மேட் இன் இந்தியா" என்று ஒட்டியிருக்கும். மீதிப் பாதி கொடைக்கானல் டவுனிலேயே இருக்கு. இரண்டையும் சொல்றேன்.

முதலில் அடிப்படை: எதை வாங்குகிறார்கள்?

கொடைக்கானல் ஏழு ரோட்டில் ஒரு சாக்லேட் கடை விற்பனைக்கு வருகிறது என்று வையுங்கள். அதை இரண்டு விதமாக வாங்கலாம்.

ஒன்று, கடையை அப்படியே வாங்குவது. பெயர், அடுப்பு, பாத்திரம், வேலையாட்கள், பால்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, வரி பாக்கி, கோர்ட்டில் இருக்கும் வழக்கு, எல்லாமே உங்கள் தலையில். கம்பெனி உலகத்தில் இது பங்குகளை வாங்குவது. கம்பெனி சட்டப்படி ஒரு தனி நபர் மாதிரி. முதலாளி மாறலாம், அந்த "நபர்" மாறமாட்டார். அவர் பட்ட கடன் அவரோடுதான் இருக்கும். ஒரு கம்பெனியை இன்னொன்றோடு இணைத்துவிட்டாலும் இதே கதைதான், பழைய பாக்கியெல்லாம் புதிய கம்பெனிக்கு வந்து சேரும்.

இரண்டாவது, பொறுக்கி வாங்குவது. "அடுப்பு வேணும், பெயர் வேணும், ரெசிபி வேணும். பால் பாக்கி வேணாம், மாடியில் இருக்கிற பழைய கிச்சன் வேணாம்." இது சொத்துகளை மட்டும் வாங்குவது. எது வரும், எது வராது என்பதை ஒப்பந்தம்தான் முடிவு செய்யும்.

நிலம் வாங்குவதற்கு முன் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்ப்போம் இல்லையா? கம்பெனி வாங்குகிறவர்களும் அதையேதான் மாசக்கணக்கில் செய்கிறார்கள். வில்லங்கம் இருந்தால் விலையைக் குறைப்பார்கள், இல்லையென்றால் அந்தத் துண்டை மட்டும் விட்டுவிட்டு மீதியை வாங்குவார்கள்.

அப்படி விடப்பட்ட துண்டுதான் ஸ்ரீபெரும்புதூர்.

நோக்கியா: விட்டுவிட்டுப் போன ஆலை

நோக்கியா 2005-ல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டு, 2006 தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி ஆரம்பித்தது. உலகத்திலேயே நோக்கியாவின் மிகப் பெரிய ஆலைகளில் ஒன்று அது. பிளஸ் டூ முடித்த கையோடு பல மாவட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள், அதில் பெரும்பகுதி பெண்கள், அசெம்பிளி லைனில் நின்றார்கள். ஃபாக்ஸ்கான், சால்காம்ப் போன்ற சப்ளையர்களும் அங்கேயே கடை போட்டார்கள்.

2007-ல் ஐபோன் வந்தது, அடுத்த வருஷம் ஆண்ட்ராய்டு போன் வந்தது. 2011 பிப்ரவரியில் நோக்கியா தன் சிம்பியன் மென்பொருளை ஓரங்கட்டி, மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனைத் தேர்ந்தெடுத்தது. ஆப் எழுதுகிறவர்கள் வரவில்லை, ஆப் இல்லாததால் வாங்குகிறவர்களும் வரவில்லை. இந்தப் பகுதி எல்லோருக்கும் தெரிந்ததால் வேகமாகத் தாண்டுகிறேன்.

2013 செப்டம்பர் 3 அன்று மைக்ரோசாஃப்ட், நோக்கியாவின் போன் தொழிலை வாங்குவதாக அறிவித்தது. மொத்தம் 544 கோடி யூரோ. இந்தத் தொகையைப் பிரித்துப் பாருங்கள், இங்கேதான் பாடமே இருக்கு. 379 கோடி யூரோ போன் தொழிலுக்கு. 165 கோடி யூரோ காப்புரிமைகளைப் பயன்படுத்தும் உரிமத்துக்கு. காப்புரிமைகளின் சொந்தக்காரர் நோக்கியாதான். நெட்வொர்க் தொழிலும் நோக்கியாவிடமே இருந்தது. நோக்கியா என்ற பெயரைக்கூட மைக்ரோசாஃப்ட் முழுசா வாங்கவில்லை, குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்த அனுமதி மட்டும்தான். அதாவது பொறுக்கி வாங்கியது.

இப்போ வில்லங்கம். நோக்கியாவின் இந்தியக் கம்பெனி, போனுக்குள் ஏற்றும் மென்பொருளுக்காக பின்லாந்தில் இருக்கும் தாய்க் கம்பெனிக்குப் பணம் கட்டி வந்தது. வருமான வரித்துறை கேட்டது இதுதான்: அந்தப் பணம் ராயல்டி, அனுப்பும்போது வரி பிடித்திருக்க வேண்டும், ஏன் பிடிக்கவில்லை? நோக்கியாவின் வாதம், அது சரக்கு வாங்கிய காசு, ராயல்டி இல்லை என்பது. 2013-ல் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு நோட்டீஸ் வந்தது. சொத்துகள் முடக்கப்பட்டன. ஏற்றுமதி என்று கணக்கு காட்டிய போன்கள் உள்நாட்டிலேயே விற்கப்பட்டன என்று சொல்லி, தமிழ்நாடு அரசும் தன் பங்குக்கு சுமார் 2,400 கோடி ரூபாய் விற்பனை வரி கேட்டது. நோக்கியா அதையும் மறுத்தது.

முடக்கிய சொத்தை விற்க முடியாது. டெல்லி உயர்நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதித்தது. 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டும் என்ற நிலையை எதிர்த்து நோக்கியா உச்சநீதிமன்றம் போனது, 2014 மார்ச்சில் அங்கேயும் நிவாரணம் கிடைக்கவில்லை. டீல் 2014 ஏப்ரல் 25-ல் முடிந்தபோது, ஸ்ரீபெரும்புதூர் ஆலை அதில் இல்லை.

ஆலை நோக்கியாவிடமே இருந்தது. ஆனால் நோக்கியாவுக்கு இப்போ போன் தொழிலே கிடையாது! ஒரு இடைக்கால ஒப்பந்தம் போட்டு, மைக்ரோசாஃப்டுக்காக போன் செய்து கொடுத்தார்கள். ஒரே ஒரு வாடிக்கையாளர். அந்த ஆர்டர் நின்றதும் 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, சுமார் 6,600 பேரில் 5,000-க்கும் அதிகமானவர்கள் விஆர்எஸ் வாங்கிக்கொண்டு வெளியேறியிருந்தார்கள். இருபத்தைந்து வயசில் "விருப்ப ஓய்வு". அந்த வார்த்தையை ஒரு தடவை மெதுவாகப் படித்துப் பாருங்கள்.

கூடவே இன்னொரு விஷயம். அப்போது இருந்த 1947-ஆம் வருஷத் தொழில் தகராறு சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. ஒரு நிறுவனம் கைமாறும்போது, தொழிலாளிக்கு வேலை தொடர வேண்டும், பழைய சம்பளமும் சலுகையும் குறையக் கூடாது, இல்லையென்றால் நஷ்டஈடு தர வேண்டும். நல்ல பிரிவுதான். ஆனால் அது கைமாறுகிறவர்களுக்கு. கைமாறாமல் விடப்பட்டவர்களுக்கு அதில் பதில் இல்லை.

சரி, வாங்கினவங்க நல்லா இருந்தாங்களா? 2015 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் இந்தக் கொள்முதலுக்காக 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதியது. வாங்கிய விலைக்குக் கொஞ்சம் கூடவே. 2016-ல் சாதா போன் தொழிலை ஃபாக்ஸ்கானின் துணை நிறுவனத்துக்கும் எச்எம்டி என்ற பின்லாந்து கம்பெனிக்கும் 35 கோடி டாலருக்கு விற்றுவிட்டது.

வரி வழக்கு 2018-ல் இந்தியாவும் பின்லாந்தும் பேசி முடிந்தது, நோக்கியா 20.2 கோடி யூரோ கட்டியது. 2021 மார்ச்சில், வெளிநாட்டுக் கம்பெனிகளிடமிருந்து மென்பொருள் வாங்கிய வேறு சில வழக்குகளில், அப்படிக் கட்டும் பணம் ராயல்டி ஆகாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கேள்வி கிட்டத்தட்ட அதேதான். ஆனால் லைன் நின்று ஆறு வருஷம் தாண்டியிருந்தது.

மூடிய ஆலையை 2019-ல் வாங்க முன்வந்தது யார் தெரியுமா? அதே வளாகத்தில் நோக்கியாவுக்கு சார்ஜர் செய்துகொண்டிருந்த சால்காம்ப். நோக்கியா போனபோது அதோடு சேர்ந்து சாகாமல், வேறு வாடிக்கையாளர்களைப் பிடித்து நின்ற சப்ளையர்.

கொடைக்கானல்: சேர்த்து வாங்கிய ஆலை

இப்போ எங்க மலைக்கு வருவோம். இது எதிர்ப்பக்கத்துக் கதை.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. அதன் சொந்தக்காரர் சீஸ்பரோ-பாண்ட்ஸ் கம்பெனி. 1980-களின் தொடக்கத்தில் அந்த ஆலையைக் கழற்றி எடுத்து வந்து கொடைக்கானலில், பாம்பார் சோலைக்கு மேலே வைத்தார்கள். கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பி, பெரும்பாலும் ஏற்றுமதி.

1987-ல் யூனிலீவர் அந்த அமெரிக்கக் கம்பெனியையே வாங்கியது. பாண்ட்ஸ், வாசலின் என்ற பெயர்கள் கைக்கு வந்தன. பொறுக்கி வாங்கவில்லை, முழுசாக வாங்கியது. அதனால் எங்கேயோ ஒரு மலை உச்சியில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையும் கூடவே வந்தது. 1998-ல் பாண்ட்ஸ் இந்தியா, ஹிந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. ஆலைக்கு முதலாளி பெயர் மறுபடியும் மாறியது. உள்ளே பாதரசம் அதே பாதரசம்.

2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி கிடப்பதை மக்கள் கண்டுபிடித்தார்கள். 7.4 டன். ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. உடம்பு கெட்டுப்போனது என்று முன்னாள் தொழிலாளர்கள் சொன்னார்கள். வேலையால் பாதிப்பு வந்ததற்கு ஆதாரம் இல்லை என்று கம்பெனி சொன்னது. வழக்கு நடந்தது. 2015-ல் சோஃபியா அஷ்ரஃபின் ராப் வீடியோ நம் எல்லோர் டைம்லைனிலும் ஓடியதே, அது இதுதான். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள், அவர்கள் குடும்பங்களோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. மண்ணை எவ்வளவு சுத்தம் செய்தால் போதும் என்ற சண்டை அதற்குப் பிறகும் தொடர்ந்தது. அந்தச் சோலைத் தண்ணீர் பாம்பாறாக இறங்கி, கும்பக்கரை அருவி வழியாகப் போகிறது என்பதால் அது மலைக்கு மட்டுமான சண்டையும் இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால்

ஸ்ரீபெரும்புதூரில் வாங்கினவர் வில்லங்கத்தை முன்பே பார்த்துவிட்டார், துண்டை விட்டுவிட்டார். அங்கே நின்றவர்களுக்கு வேலை போனது. கொடைக்கானலில் வாங்கினவருக்கு வில்லங்கமும் சேர்ந்தே வந்தது. அதனால்தான் பதினைந்து வருஷம் கழித்தாவது, யாரைப் பார்த்துக் கேட்பது என்று தொழிலாளர்களுக்கு ஒரு முகவரி இருந்தது. ஆலையை மட்டும் ஏதோ ஒரு சின்னக் கம்பெனிக்குத் தனியாகத் தள்ளிவிட்டிருந்தால், கதவைத் தட்ட வீடே இருந்திருக்காது.

அதனால் பொறுக்கி வாங்குவது தப்பு, முழுசாக வாங்குவது சரி என்று நான் சொல்ல வரவில்லை. தெரிஞ்சே வில்லங்கத்தை யார் வாங்குவார்? நான் சொல்வது, எந்த மாதிரி வாங்கினார்கள் என்பது வக்கீல்கள் சமாச்சாரம் மட்டும் இல்லை. உங்கள் சம்பளம், பிஎஃப், உடம்பு எல்லாம் அதில் இருக்கு.

உங்கள் கம்பெனியும் கைமாறினால் கேட்க வேண்டியவை:

1. கம்பெனியை வாங்குகிறார்களா, அதன் ஒரு பகுதியை மட்டுமா? பகுதி என்றால் நம் டீமும் நம் அலுவலகமும் அந்தப் பட்டியலில் இருக்கா?
2. பழைய ஆஃபர் லெட்டர் அப்படியே செல்லுமா, புதுசா கையெழுத்து போட வேண்டுமா? புதுசு என்றால் பழைய சர்வீஸ் சேருமா?
3. நம் யூனிட்டுக்கு எத்தனை வாடிக்கையாளர்? ஒன்றே ஒன்று என்றால் அந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது?
4. வரி, வழக்கு, சுற்றுச்சூழல் பிரச்சினை ஏதாவது நிலுவையில் இருக்கா? பெரிய கம்பெனி என்றால் ஆண்டறிக்கையில் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் இருக்கும். அங்கேதான் படிக்கணும்.

முதல் இரண்டையும் கொஞ்சம் மரியாதையான இங்கிலீஷில் எழுதி எச்ஆருக்கு அனுப்பினேன். இரண்டாவதுக்கு மட்டும் பதில் வந்தது: புதுசா கையெழுத்து போட வேண்டும். முதல் கேள்விக்கு "விரைவில் தெரிவிக்கிறோம்". அடுத்த வாரம் மறுபடி கேட்பேன். அதுவரைக்கும் மற்ற கம்பெனிகளுக்கும் அப்ளை செய்துகொண்டிருக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். வடுகபட்டி சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், "பதில் வராத கேள்விதாண்டா முக்கியமான கேள்வி" என்று சொல்லிவிட்டு, அந்த நோக்கியாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.