சாலை எப்படிக் கணக்காகிறது?

காலை மணி அடிக்கும் நேரத்தில் நம் பள்ளி வாசலில் பஸ், ஆட்டோ, சைக்கிள் எல்லாம் முட்டிக்கொண்டு நிற்பதைத் தினமும் பார்க்கிறோம். "இந்தத் தெருவை ஒருவழிப் பாதை ஆக்கினா சரியாயிடும்" என்கிறார் ஒருவர். "அடுத்த தெரு அடைச்சுக்குமே!" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? சாலையில் செய்வதற்கு முன் கம்ப்யூட்டரில் செய்து பார்க்கலாம். அதுதான் போக்குவரத்து மாதிரி. ஆனால் கம்ப்யூட்டருக்கு நம் ஊர் தெரியாதே! ஊரை அதற்குச் சொல்லிக் கொடுப்பது புவியியல் தகவல் அமைப்பு. சுருக்கமாக ஜி.ஐ.எஸ். என்பார்கள்.

1. புள்ளியும் கோடும்
சாலைச் சந்திப்பு ஒரு புள்ளி. இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே உள்ள சாலை ஒரு கோடு. 1736-ல் கணித மேதை ஆய்லர், கோனிக்ஸ்பெர்க் நகரின் 7 பாலங்களை வெறும் இணைப்புகளாகப் பார்த்துப் புதிரை விடுவித்தார். அதே யோசனைதான் இது.

2. கோட்டுக்கு ஓர் அட்டவணை
ஒவ்வொரு கோட்டுக்கும் நீளம், அகலம், வேகம், ஒருவழியா இருவழியா என்று எழுத வேண்டும். சாலை 600 மீட்டர், வேகம் மணிக்கு 30 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 500 மீட்டர். அப்படியானால் கடக்க 72 விநாடி. கணக்குப் போட்டுப் பாருங்கள்!

3. பிழை திருத்தம்
இரண்டு கோடுகள் ஒரு மீட்டர் இடைவெளியில் நின்றுவிட்டால் நம் கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டரோ "வழி இல்லை" என்று சுற்றிப் போகும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. 2008-ல் திறந்த சென்னை கத்திப்பாரா மேம்பாலத்தில் மேலே ஒரு சாலை, கீழே ஒரு சாலை. வரைபடத்தில் இரண்டும் வெட்டிக்கொள்ளும். அங்கே புள்ளி வைத்துவிட்டால் வண்டி மேலேயிருந்து கீழே குதித்துவிடும்!

4. யார், எங்கிருந்து, எங்கே?
ஊரைப் பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று கட்டம் போட வேண்டும். 4 பகுதி என்றால் 16 கட்டம்.

5. விட்டுப்போனவர்கள்
வண்டிகளைக் கார் அளவுக்கு மாற்றித்தான் எண்ணுவார்கள். கார் 1 என்றால் சைக்கிள் சுமார் அரை, பஸ் 2-க்கு மேல். நடந்து போகிறவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை! தனியாக எண்ணாவிட்டால், நாம் ரோட்டைக் கடக்கக் காத்து நிற்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. "தெரு காலியாத்தான் இருக்கு, வேகமாப் போகலாம்" என்று விடை தரும். கணக்கு சரி, விடை தப்பு. அடிபடப்போவது யார்? நம் ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகள்தான்.

ஆகவே நண்பர்களே, ஒரு நாள் காலையில் ஆசிரியரோடு வாசல் ஓரமாக நின்று 15 நிமிடம் எண்ணுவோம். நோட்டில் பஸ், ஆட்டோ, சைக்கிள் என்று கட்டம் போடுவோம். முதல் கட்டம் மட்டும் நடந்து வருபவர்களுக்கு!