விண்வெளிச் செய்தியும் விதண்டாவாதமும்

விஞ்ஞானத்தின் புதுச் சாதனை ஒன்றைப் பற்றிச் செய்தி வந்துவிட்டால் போதும். பள்ளிவாசல் திண்ணையிலும், தேநீர்க் கடையிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் இரண்டு கட்சிகள் உண்டாகிவிடுகின்றன. ஒரு சாரார், "இது நடந்திருக்கவே முடியாது" என்பார்கள். மறு சாரார், "நடந்தது மட்டுமல்ல, அதில் நமது மார்க்கத்திற்கு ஓர் அத்தாட்சியும் இருக்கிறது" என்பார்கள். இஷாவுக்குப் பின் தொடங்கும் தர்க்கம் நள்ளிரவு வரை நீளும். முடிவில் செய்தி மெய்யா பொய்யா என்பது யாருக்கும் விளங்கியிராது. ஒருவர் மற்றவருக்கு ஸலாம் சொல்லாத நிலை மட்டும் ஏற்பட்டிருக்கும்.

இத்தகைய செய்திகளை எப்படி ஏற்பது, எப்படி மறுப்பது, எந்த இடத்தில் வாய் மூடியிருப்பது என்பதற்கெல்லாம் நமது மார்க்கத்தில் தெளிவான ஒழுங்குகள் உள்ளன. மனிதன் சந்திரனுக்குச் சென்ற செய்தியை உதாரணமாக வைத்துக்கொண்டு அவற்றை இந்தப் பாடத்தில் பார்ப்போம். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் முஸ்லிம்களிடையே இரு பக்கமும் வாதாடப்பட்டு வரும் செய்தி இது.

நடந்தது என்ன?

1969 ஜூலை 16ஆம் நாள் மூன்று பேருடன் அப்பல்லோ 11 அமெரிக்காவிலிருந்து புறப்பட்டது. அந்நாட்டு நேரப்படி ஜூலை 20ஆம் நாள் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் எட்வின் ஆல்ட்ரினும் சந்திரனில் இறங்கினார்கள். மூன்றாமவரான மைக்கேல் காலின்ஸ் சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்த கலத்திலேயே தங்கியிருந்தார். இறங்கிய இருவரும் சுமார் இரண்டரை மணி நேரம் வெளியே நடந்து, 21 கிலோவுக்கு மேல் கல்லும் மண்ணும் சேகரித்துக்கொண்டு திரும்பினார்கள். 1972ஆம் ஆண்டு முடிவதற்குள் ஆறு பயணங்களில் மொத்தம் 12 பேர் சந்திரனில் கால் வைத்தார்கள்.

மறுப்போரின் வாதம்

"இதெல்லாம் படம் பிடிக்கும் கொட்டகையில் எடுத்த நாடகம்" என்று சொல்வோர் உலகெங்கும் இருக்கிறார்கள். நம்மவரிலும் சிலர், சந்திரனில் மனிதன் கால் வைத்தான் என்று நம்புவது ஈமானுக்கே ஊறு என்று எண்ணி மறுக்கிறார்கள்.

செய்தி ஒன்றை எடைபோடும் முறையை மதரஸாவில் உஸூல் பாடத்தில் ஓதுகிறோம். பொய்யில் ஒன்றுகூட முடியாத அளவுக்குப் பலர், பல வழிகளில் அறிவிக்கும் செய்தியை முதவாத்திர் என்கிறோம். எதிராளியே ஒப்புக்கொள்ளும் சாட்சியம் பலமான சாட்சியம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. அன்று அமெரிக்காவுக்குப் பெரும் போட்டியாக இருந்த நாடு சோவியத் ரஷ்யா. அந்த நாடு அனுப்பிய லூனா 15 என்ற ஆளில்லாக் கலம் அதே நாட்களில் சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்து, ஜூலை 21ஆம் நாள் அங்கேயே மோதி நொறுங்கியது. பொய்யை அம்பலப்படுத்த ஆவலும் வசதியும் மிகுதியாக இருந்த அந்தப் போட்டியாளரே செய்தியை மறுக்கவில்லை. ஆம்ஸ்ட்ராங் குழுவினர் அங்கு வைத்துவந்த கண்ணாடிப் பெட்டியின் மீது பூமியிலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு சந்திரனின் தூரத்தை ஆராய்ச்சியாளர்கள் அளந்து வருகிறார்கள். 2009ஆம் ஆண்டு முதல் சந்திரனைச் சுற்றும் ஆய்வுக் கலம் ஒன்று, இறங்கிய இடங்களையும் விட்டுவந்த கருவிகளையும் படம் பிடித்திருக்கிறது.

அரபு நாட்டு ஆலிம்களில் பிரபலமான ஷைகு அப்துல் அஸீஸ் பின் பாஸ் அவர்களிடம் இதுபற்றிக் கேள்விகள் குவிந்தபோது, விண்கோள்களுக்கு மனிதன் ஏறிச் செல்வது மார்க்க ஆதாரங்களின்படி அசாத்தியமானதன்று என்றும், தீர விசாரிக்காமல் உண்மையென்றோ பொய்யென்றோ முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது என்றும் எழுதினார்கள். இல்லாத விலக்கலை மார்க்கத்தின் பெயரால் உண்டாக்குவது மார்க்கத்திற்குச் செய்யும் சேவையாகாது.

மகிழ்வோரின் வாதம்

நிற்க. மறு சாராரின் வாதத்திற்கு வருவோம். ஆம்ஸ்ட்ராங் சந்திரனில் நடந்தபோது இனந்தெரியாத ஓசை ஒன்றைக் கேட்டாராம். பின்னர் எகிப்துக்குச் சென்றபோது அதே ஓசையைக் கேட்டு, இது என்ன என்று வினவினாராம். பாங்கு என்று அறிந்ததும் கலிமாச் சொல்லி முஸ்லிமாகிவிட்டாராம். இந்தக் கதையைக் கேள்விப்படாத முஸ்லிம் வீடு அரிது. மேடைகளில் பேசப்பட்டது, இன்றும் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி வருகிறது.

உண்மை யாதெனில், எகிப்து, மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் பத்திரிகைகளில் இச்செய்தி பரவியதை அடுத்து, 1983 மார்ச் மாதம் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்கு ஒரு விளக்கம் அனுப்பியது. எந்த மதத்தாரையும் புண்படுத்தத் தமக்கு எண்ணமில்லை, ஆயினும் தாம் இஸ்லாத்தில் சேர்ந்ததாக வந்த செய்தி சரியன்று என்று ஆம்ஸ்ட்ராங் கூறியதாக அதில் தெரிவிக்கப்பட்டது. 2005இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலும் இந்த வதந்தியை எடுத்துக்கூறி மறுக்கிறது. அவர் 2012 ஆகஸ்ட் 25ஆம் நாள் காலமானார். அவர் பல ஆண்டுகள் வசித்தது லெபனான் என்னும் ஊருக்கு அருகில். அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்தில் அப்படி ஓர் ஊர் இருக்கிறது. இந்தப் பெயரைக் கேட்டவர்கள் அரபு நாடான லெபனான் என்று எண்ணியதும் வதந்திக்குத் துணைபோயிருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள்.

இரண்டு கேள்விகள்

இந்த இடத்தில்தான் தர்க்கம் தடம் புரள்கிறது. ஒருவர், "சந்திரனில் காற்றே இல்லை, ஓசை எப்படிக் கேட்கும்?" என்பார். மற்றவர் கொதித்தெழுந்து, "அல்லாஹ்வின் வல்லமையில் உமக்குச் சந்தேகமா?" என்பார். உடனே விவாதம் செய்தியை விட்டு ஈமானுக்குத் தாவிவிடும். கேள்வி கேட்டவர் வழிகெட்டவராகிவிடுவார்.

அல்லாஹுத்தஆலாவால் முடியுமா என்பது ஒரு கேள்வி. இந்தச் சம்பவம் நடந்ததா என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. முதலாவதில் எந்த முஸ்லிமுக்கும் ஐயமில்லை. காற்றில்லாத இடத்திலும் அவன் நாடினால் ஓசையைக் கேட்கச் செய்வான். ஆனால் அவனால் முடியும் என்பதற்காக, அவன் செய்தான் என்று நாமே சொல்லிவிட முடியுமா? அதற்குச் சாட்சி வேண்டும். இங்கே சாட்சியாகக் காட்டப்படும் மனிதரே, அப்படி ஒன்று நடக்கவில்லை என்கிறார். இதற்குப் பிறகும் அவர் பெயரால் அதைச் சொல்வது, சொல்லாததைச் சொன்னதாகக் கூறும் பொய்ச்சாட்சியன்றோ? செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்ற திருமறையின் கட்டளை (49:6) நமக்குப் பிடிக்காத செய்திக்கு மட்டும் உரியதன்று. பிடித்த செய்திக்கே அது அதிகமாகத் தேவைப்படுகிறது.

கிரகணத்தன்று நடந்தது

இதற்கு மிக உயர்ந்த முன்மாதிரி நமது பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே இருக்கிறது. அவர்களுடைய அருமைக் குழந்தை இப்ராஹீம் (ரலி) மறைந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. இப்ராஹீமின் மறைவுக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். சற்று எண்ணிப் பாருங்கள். பேசியவர்கள் அன்பினால் பேசினார்கள். அந்தப் பேச்சு நபித்துவத்திற்குப் பெருமை சேர்ப்பதாகவே தோன்றியது. மௌனமாக இருந்திருந்தால் எத்தனையோ பேர் அதை அற்புதமென்று ஏற்றிருப்பார்கள். குழந்தையைப் பறிகொடுத்த துயர நேரம் வேறு. ஆயினும் அண்ணலார் அதை அப்படியே விட்டுவிடவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் உள்ளவை. எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றைக் கிரகணம் பிடிப்பதில்லை என்ற கருத்தைத் தெளிவாக அறிவித்து, தொழுகையின் பக்கமும் துஆவின் பக்கமும் மக்களைத் திருப்பினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான ஹதீது இது. தமக்குச் சாதகமான தவறான ஆதாரத்தைத் தாமே மறுத்த நபியின் உம்மத்து நாம்.

"நல்ல எண்ணம்தானே?"

"கதை பொய்யாகவே இருக்கட்டும், கேட்பவருடைய ஈமான் பலப்படுகிறதே" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். இந்தச் சமாதானமும் புதிதன்று. குர்ஆன் சூராக்களின் சிறப்பு பற்றி ஹதீதுகளை இட்டுக்கட்டிய நூஹ் பின் அபீ மர்யம் என்பவர், மக்கள் குர்ஆனை விட்டுப் பிற கல்விகளில் மூழ்கியதைக் கண்டு நன்மையை நாடியே அப்படிச் செய்ததாகக் கூறினார் என்று ஹதீதுக் கலை நூல்கள் எழுதுகின்றன. இமாம்கள் அவருடைய நல்ல எண்ணத்தைப் பாராட்டி ஹதீதுகளை ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. பொய்யர் என்று பெயரிட்டு ஒதுக்கினார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 505இல் மறைந்த அந்த மாமேதை, தத்துவவாதிகளை மறுத்து எழுதிய நூலின் முன்னுரையில் இதே கிரகண விஷயத்தைத் தொட்டுப் பேசுகிறார்கள். கணக்கினால் நிரூபணமான ஒன்றை மார்க்கத்தின் பெயரால் மறுத்து வாதாடுவோர் மார்க்கத்திற்கே கேடு செய்கிறார்கள் என்றும், முறையாகத் தாக்கும் பகைவரால் வரும் கேட்டைவிட முறையற்று ஆதரிக்கும் நண்பரால் வரும் கேடு பெரிது என்றும் எச்சரிக்கிறார்கள்.

அந்தக் கேடு நம் வீட்டுக்குள்ளேயே நடப்பதைக் காணலாம். பத்து வயதுப் பிள்ளையிடம் வாப்பா இந்தக் கதையைச் சொல்கிறார். பதினாறு வயதில் அந்தப் பிள்ளை உண்மையைத் தானே படித்தறிகிறது. அன்று ஆம்ஸ்ட்ராங் கதை மட்டுமா உடைகிறது? "வாப்பா சொன்ன மற்றவையும் இப்படித்தானோ?" என்ற ஐயம் உள்ளத்தில் விழுகிறது. தொழுகையைப் பற்றியும், மறுமையைப் பற்றியும் சொன்னது அதே வாய் அல்லவா?

பிளவுபட்ட சந்திரனின் படம்

இதே போன்றதுதான் சந்திரன் பிளந்ததற்கு ஆதாரம் என்று சுற்றிவரும் படமும். சந்திரன் பிளந்த அற்புதம் திருமறையிலும் (54:1) ஸஹீஹான ஹதீதுகளிலும் வந்துள்ளது. அதை நாம் நம்புகிறோம். ஆனால் அந்தப் படத்தில் இருப்பது ரீமா அரியடேயஸ் என்று பெயரிடப்பட்ட ஒரு நீண்ட பள்ளம். இரண்டு விரிசல்களுக்கு இடைப்பட்ட தரை கீழே இறங்கியதால் அது உண்டானது என்று ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள். அதன் நீளம் சுமார் 300 கிலோமீட்டர். சந்திரனின் சுற்றளவோ 10,900 கிலோமீட்டருக்கும் மேல். சந்திரனைச் சுற்றி ஓடும் தழும்பு அன்று அது. வஹீயின் மீது நிற்கும் நம்பிக்கையை ஒரு பள்ளத்தின் படத்தின் மீது கொண்டுபோய் நிறுத்துவது ஏன்? நாளை அந்தப் படத்தின் விளக்கம் தெரியவரும்போது நம்பிக்கையும் ஆட வேண்டுமா?

தர்க்கத்தின் ஒழுங்குகள்

அப்படியானால் இவற்றைப் பற்றிப் பேசவே கூடாதா? பேசலாம், முறையோடு பேச வேண்டும். நாவின் ஆபத்துகள் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எண்ணிக் காட்டிய இருபதில் வீண் தர்க்கமும் ஒன்று. ஆகவே பின்வரும் நான்கையும் நினைவிற் கொள்வோம்.

ஒன்று: தெரியாததைத் தெரியாது என்று சொல்லுதல். அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்பது திருமறையின் போதனை (17:36). விண்வெளிக் கலத்தைப் பற்றித் தெரியாது என்று சொல்வதால் ஒரு முஸ்லிமின் கண்ணியம் குறைந்துவிடாது.

இரண்டு: யார் சொன்னது என்று கேட்டல். கேள்விப்பட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்தில் நபிமொழி வந்துள்ளது. விசாரித்து அறியும் வரை நம்மிடம் வந்த செய்தி நம்மோடு நிற்கட்டும்.

மூன்று: உண்மை யார் வாயிலிருந்து வந்தாலும் ஏற்றல். தாம் வாதிட்ட எவரிடமும், உண்மை அவருடைய நாவிலிருந்து வெளிப்படுவதையே தாம் விரும்பியதாக இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் கூறியதாக அறிவிக்கப்படுகிறது. நாமோ எதிரே இருப்பவர் தடுமாற மாட்டாரா என்று காத்திருக்கிறோம்.

நான்கு: விட்டுவிடத் தெரிதல். நியாயம் தன் பக்கம் இருந்தும் வீண் தர்க்கத்தைக் கைவிடுபவருக்குச் சுவர்க்கத்தின் ஓரத்தில் ஒரு மாளிகைக்குத் தாம் பொறுப்பு என்று நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியுள்ளார்கள். இது அபூதாவூதில் வரும் ஹதீதின் கருத்து. உண்மையை அழகாக எடுத்துரைப்பது கடமை. ஒரு முறை சொல்லி, விளங்காவிட்டால் மறுமுறை சொல்லி, அதற்கு மேல் குரல் உயர்வதைக் கண்டால் ஸலாம் சொல்லி எழுந்துவிட வேண்டும். சந்திரனுக்கு மனிதன் போனானா இல்லையா என்ற பேச்சில் சொந்தச் சகோதரனோடு உறவை முறித்துக்கொள்வது எந்தக் கணக்கிலும் நட்டமே.

ஆகவே இந்த மாதம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பழக்கத்தைத் தொடங்கலாம். புதுமையான செய்தி எது வந்தாலும், பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு, "இதை யார் சொன்னது? அவர் கண்டாரா, கேட்டாரா? சம்பந்தப்பட்டவர் என்ன சொல்கிறார்?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக்குங்கள். நபிமொழிகளைப் பாதுகாக்க நம் இமாம்கள் கேட்ட கேள்விகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகும்போது, வாப்பாவும் உம்மாவும் சொன்னால் அது விசாரித்துச் சொன்னதாகவே இருக்கும் என்று நம்புவார்கள்.

உண்மையை உண்மையென்று கண்டு அதைப் பின்பற்றவும், பொய்யைப் பொய்யென்று கண்டு அதைத் தவிர்க்கவும், நாவைப் பேணி நடக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.